ரெஜினாக்கா மூடி வைத்த கேசட்

ரெஜினாக்கா இறந்த செய்தி எனக்குக் குறுஞ்செய்தியாக வந்தது. வீரபாண்டியில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த பனியன் கம்பெனியின் ஷிப்பிங் அறையில் இன்வாய்ஸ் அடித்துக்கொண்டிருந்தேன். "ரெஜினா மேடம் காலமானார். நாளை அடக்கம். அவர் எடுத்த வீடியோ யாரிடமாவது இருந்தால் கொண்டு வரவும்." முதல் இரண்டு வாக்கியங்களைப் படித்ததும் இன்வாய்ஸைப் பாதியில் விட்டு எழுந்தேன். மூன்றாவதைப் படித்தபோது கோபம் வந்தது. இதை எழுதும்போதும் அந்தக் கோபம் தீரவில்லை. தீர்ந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தால் எழுதவே மாட்டேன்.

முந்தின நாள் கம்பெனியில் பையர் இன்ஸ்பெக்ஷன், ஆர்டர் கொடுத்தவரின் ஆள் வந்து சரக்கைச் சோதிக்கும் நாள். ரெஜினாக்கா மெர்ச்சண்டைசர். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் தருபவர்களுக்கும் இங்கே தைப்பவர்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை. காலையிலிருந்தே நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். "வாயுதாங்கண்ணு, சோடா குடிச்சாச் செரியாயிரும்" என்றார். கடைசிப் பெட்டி பார்த்து முடித்துக் கையெழுத்தான பிறகுதான் அவரைக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வண்டி கிடைத்தது. காலையில் கிடைக்காத வண்டி மாலையில் எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்டேன். மேலாளர், "இந்த நேரத்துல இதெல்லாம் பேசலாமுங்களா?" என்றார். எந்த நேரத்தில் பேசலாம் என்று அவர் சொல்லவில்லை.

குறுஞ்செய்தியை அனுப்பியவர் திருப்பூரில் மாதம் ஒரு முறை படம் போட்டுப் பேசும் திரைப்பட வட்டத்தின் அமைப்பாளர். உங்களில் பலர் அந்த வட்டத்தில் இருப்பவர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ரெஜினாக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சின்ன கேமராவை எடுத்துக்கொண்டு போய், தையல் மெஷினில் உட்காரும் பெண்களையும், சாயத் தண்ணீரால் கிணற்றை இழந்த நொய்யல் ஆற்றங்கரை விவசாயிகளையும் பேசச் சொல்லிப் படம் எடுத்தார். பின்னணி இசை கிடையாது. அவர் குரலும் கிடையாது. எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை கேமரா அசையாது. ஒரு முறை அதில் ஒன்றை உங்கள் வட்டத்துக்குக் கொண்டுவந்தார். பாதியில் விளக்கைப் போட்டீர்கள். "இதுல எடிட்டிங்கே இல்லீங்களே மேடம், கல்யாண வீடியோ மாதிரியில்ல இருக்குது" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தோம் என்று எழுத மாட்டேன்; நான் சிரிக்கவில்லை. ரெஜினாக்கா வயரைச் சுருட்டிக்கொண்டே, "கல்யாண வீடியோவையாச்சும் ஊட்ல பத்திரமா வெச்சிருக்கறாங்களுங்க" என்றார். அதற்கும் சிரித்தீர்கள்.

ஆனால் பத்திரமாக வைப்பது எப்படி என்று அப்போது அவருக்கே தெரியாது. பனியன் கம்பெனிக்காரர் எப்படி வைப்பாரோ அப்படி வைத்தார். எங்கள் தொழிலில் ஓர் ஆர்டர் வந்தால் பையர் ஒப்புக்கொண்ட சாம்பிளைச் சீல் வைத்து ஒன்றை அவரிடம் கொடுப்போம், ஒன்றை அவருடைய இங்குள்ள அலுவலகத்தில் கொடுப்போம், ஒன்றை நாங்கள் வைத்துக்கொள்வோம். சரக்கு கப்பலேறிய பிறகும் அது இருக்கும். நாளைக்கு நிறம் சரியில்லை, அளவு சரியில்லை என்று யாராவது நஷ்டஈட்டுக்குக் கிளைம் கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும். ரெஜினாக்கா தன் கேசட்டுகளையும் பாலிபேக்கில் போட்டு, டேக் கட்டி, சாம்பிள் அறை அலமாரியில் அட்டைப்பெட்டிக்குள் வைத்தார். கம்பெனியிலேயே பூட்டுள்ள அறை அதுதான்.

சாம்பிளாக வைத்ததால் சாம்பிளாகவே போனது. சீசன் முடிந்ததும் பழைய சாம்பிள்களை மூட்டை கட்டிக் காதர்பேட்டைக் கடைகளுக்கு விற்பது எல்லாக் கம்பெனியிலும் நடப்பதுதான். அறையைக் காலி செய்தவர்களுக்குப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டிய அவசியமில்லை. கேசட் பெட்டியும் போனது தெரிந்ததும் வந்த ஞாயிற்றுக்கிழமை நானும் ரெஜினாக்காவும் காதர்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினோம். ஒரு கடைக்காரர் துணிக் குவியல் மேல் உட்கார்ந்தபடி எங்களைப் பார்த்தார்.

"ஏனுங்க மேடம், பனியன் தேடறீங்களா, படம் தேடறீங்களா?"

"ரெண்டும் ஒரே மூட்டைலதானுங்க வந்துச்சு."

அவர் ஒரு பையைக் கொண்டுவந்து கவிழ்த்தார். எங்கள் கேசட்டுகள். ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தார். "இதுல பாட்டு வருமுங்களா?"

"பாட்டு வராதுங்க. பேச்சுத்தான் வரும்."

"பேச்சா? அதுக்கு ஊட்லயே ஆளிருக்குதுங்க. எடுத்துட்டுப் போங்க."

எல்லாம் கிடைக்கவில்லை. நொய்யல் கரைப் பெரியவர் ஒருவர் தன் கிணற்றில் தண்ணீர் நிறம் மாறியதைச் சொல்லும் கேசட் கிடைக்கவேயில்லை. ரெஜினாக்கா மறுபடியும் அவர் வீட்டுக்குப் போனார். கூட நானும் போனேன். அவர் எங்களுக்கு மோர் கொடுத்தார். கேமராவைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். "ஒருக்காச் சொன்னது போதுமுங்க சாமி. மறுக்கா அழுவறதுக்கு எனக்குத் தெம்பில்லீங்க." திரும்பி வரும் பஸ்ஸில் ரெஜினாக்கா கேமராப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். இறங்கும்போது சொன்னார்: "ஒரு டீ-சர்ட்டுக்கு மூணு சாம்பிள் வெக்கறோம். அதைத் தெச்சவ சொல்லுக்கு, அந்தச் சாயத்துல வயலை உட்டவர் சொல்லுக்கு, ஒண்ணுகூட வெக்கத் துப்பில்லையே கண்ணு நமக்கு."

அதன் பிறகுதான் நாங்கள் இணையத்தில் தேட ஆரம்பித்தோம். அப்போது எங்கள் இருவர் வீட்டிலும் கணினி இல்லை. பிரவுசிங் சென்டரில் பிளைவுட் தடுப்புக்குள் ஒரே நாற்காலியில் இருவரும் ஒட்டி உட்காருவோம். உலகத்தில் எங்கெங்கோ எங்களைப் போலச் சின்ன கேமராவோடு, கையில் காசில்லாமல் படமெடுத்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்காகச் சிலர் ஆங்கிலத்தில் வழிகாட்டிப் பக்கங்கள் எழுதிப் போட்டிருந்தார்கள். கேசட்டை நிமிர்த்தி வை. ஈரத்தில் வைக்காதே. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காதே. சில வருடங்களுக்கு ஒரு முறை புதியதில் பிரதி எடு. உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே எழுது. நான் வாசித்து வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில், "இதையத்தான கண்ணு நாம சாம்பிளுக்குச் செஞ்சுட்டிருக்கறோம்! வெள்ளைக்காரங்க வந்து சொல்லோணுமா?" என்று சத்தமாகச் சொன்னார். பக்கத்துத் தடுப்பிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

அந்தப் பக்கங்களைத் தமிழில் எழுதி ஒரு வலைப்பதிவாகப் போட்டோம். எழுதியது நான். ஆனால் அதில் உயிருள்ள வரிகள் எல்லாம் அவருடையவை. ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் கேசட் வைக்காதீர்கள். அயர்னிங் செக்ஷன் ஆவி படும் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். ஷூ பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைத் தூக்கிப் போடாதீர்கள், அது கேசட்டுக்கு ஆகும். பனியனுக்குள் துவைக்கும் விதம் சொல்லும் லேபிள் தைப்பதுபோலக் கேசட்டுக்கும் ஒன்று வேண்டும்: யார் பேசுகிறார், எங்கே, எப்போது, யார் எடுத்தது. கடைசியில் அவர் இரண்டு வரிகள் சேர்க்கச் சொன்னார். 'வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டீர்களா? காட்டலாமா என்று கேட்டீர்களா?' இரண்டும் ஒன்றுதானே என்றேன். "வெக்கறது வேற, காட்டறது வேற" என்றார்.

அந்த வலைப்பதிவைப் படித்தவர்கள் குறைவு. பதில் எழுதியவர்கள் அதிலும் குறைவு. வெளிநாட்டில் இருக்கும் ஈழத்தமிழர் ஒருவர் எழுதினார்: "எங்கட அப்பாவின்ர குரல் ஒரு கேசட்டில கிடக்கு. பூஞ்சணம் பிடிச்சிட்டுது. இனி ஒண்டும் செய்ய ஏலாதோ?" ரெஜினாக்கா அன்று மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு என்னைப் பிரவுசிங் சென்டருக்கு இழுத்துப் போனார். பூஞ்சை பிடித்த நாடாவை ஓட்டிப் பார்க்காதீர்கள், ஓட்டினால் போய்விடும், உலர்ந்த இடத்தில் வைத்துத் தெரிந்தவரிடம் கொடுங்கள் என்று தேடிக் கண்டுபிடித்து எழுதினோம். சில மாதம் கழித்து ஒரே வரியில் அவர் பதில் போட்டார்: "அப்பா கதைக்கிறார்." ரெஜினாக்கா அந்த வரியை ஒரு தாளில் அச்செடுத்துத் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். அவர் இறந்த மறுவாரம் புது மெர்ச்சண்டைசருக்காக மேசையைத் துடைத்தவர்கள் அதை எங்கே போட்டார்கள் என்று இன்னும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

படங்களையும் இணையத்தில் ஏற்றினோம். யார் வேண்டுமானாலும் இலவசமாக வீடியோ போடலாம் என்று ஒரு தளம் இருந்தது. ஒரு படம் ஏறி முடிக்க ஒரு ஞாயிறு போகும், நடுவில் கரண்ட் போனால் இன்னொரு ஞாயிறும் போகும். எல்லாம் ஏற்றிய பிறகு எனக்கு நிம்மதியாக இருந்தது. உலகத்தில் எங்கோ பெரிய கணினியில் இருக்கிறது, இனிமேல் காதர்பேட்டைக்குப் போக வேண்டாம் என்று நினைத்தேன். ரெஜினாக்கா ஒப்பவில்லை. "நெட்டுல இருக்கறது காப்பி இல்லீங்கம்மா. அது ஷோரூம். ஷோரூமை எப்ப வேணாலும் சாத்துவாங்க." அவர் கேசட்டுகளைப் பிரதி எடுத்து அவர் வீட்டில் ஒன்று, என் வீட்டில் ஒன்று, கணியூரில் தோட்டம் பார்க்கும் அவர் தங்கை வீட்டில் ஒன்று என்று வைத்தார். அந்தத் தளம் ஒருநாள் நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுச் சாத்திக்கொண்டது. இதே திருப்பூரில் அதில் குறும்படம் போட்டு வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் அன்று தலையில் கைவைத்து உட்கார்ந்தீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். எங்களுடையது ஒன்றும் போகவில்லை. வேறு தளத்தில் ஏற்றினோம். அதற்கு யாரும் விளக்கைப் போட்டுப் பாராட்டவில்லை.

இப்போது நீங்கள் கேட்கும் கேசட்டுக்கு வருகிறேன்.

அதில் பேசியவரைப் பேச்சியம்மாள் என்று அழைக்கிறேன். அது அவர் பெயரல்ல. தெற்கிலிருந்து இங்கே பிழைக்க வந்தவர். அவருடைய மூத்த மகள் ஒரு மில்லில் வேலைக்குச் சேர்ந்து, மில் விடுதியிலேயே தங்கி, பிணமாகத் திரும்பி வந்தாள். என்ன நடந்தது என்பது கேசட்டில் இருக்கிறது. அதை இங்கே எழுதினால் மூடியதைத் திறந்ததாகிவிடும். எந்த மில் என்பதையும் எழுத மாட்டேன். பேச்சியம்மாளிடம் கேட்டுவிட்டுத்தான் அதை இணையத்தில் ஏற்றினோம். நாங்கள் எடுத்ததிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். உங்கள் வட்டமும் பார்த்தது. அதில் எடிட்டிங் இல்லை என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிறு காலை, ரெஜினாக்கா சர்ச்சிலிருந்து வந்து சேலைகூட மாற்றவில்லை, பேச்சியம்மாள் வாசலில் நின்றார். நான் உள்ளே கணினியில் இருந்தேன். அப்போது ரெஜினாக்கா வீட்டுக்குக் கணினி வந்துவிட்டது.

"யக்கா, அதை எடுத்துருங்க."

"ஏனுங்க, யாராச்சும் மிரட்டுனாங்களா?"

"மிரட்டல்லாம் இல்லக்கா. சின்னவளுக்கு இடம் பாத்திருக்கு. மாப்பிள்ளை வீட்டுல எவனோ போன்ல போட்டுக் காட்டிருக்கான். மில்லு ஆளும் ஒருத்தன் அவுகளப் போய்ப் பாத்திருக்கான். இருக்கவளையாவது கரையேத்தணும்லா?"

ரெஜினாக்கா அவரை உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். பிறகு, என்னால் மறக்க முடியாத ஒரு கேள்வியைக் கேட்டார். "எடுக்கறதுன்னா அழிச்சர்றதுங்களா, மூடி வெக்கறதுங்களா?"

பேச்சியம்மாள் தம்ளரைக் கீழே வைத்தார். "அழிச்சிராதிக. எம்புள்ள பேரு அதுல மட்டுந்தான இருக்கு. மில்லு நோட்டுலகூட அவ பேரு இல்லன்னு சொல்லிட்டானுவ. வச்சிருங்க. ஆனா யாரும் பாக்க வேண்டாம். நானாக் கேக்கறப்ப குடுங்க."

அவர் எழுந்து போவதற்குள் அது இணையத்திலிருந்து இறங்கியிருந்தது. இறக்கியவள் நான்தான், ரெஜினாக்கா பின்னால் நின்று சொல்லச் சொல்ல. பேச்சியம்மாள் போனதும் நான் கத்தினேன். "மில்லுக்காரன் ஜெயிச்சுட்டான் அக்கா."

"ஆமாங்கண்ணு. இன்னிக்கு அவன் ஜெயிச்சுட்டான்."

"அப்புறம் எதுக்கு இத்தனை வருஷம் இதெல்லாம் எடுத்தீங்க?"

"அவன் ஜெயிச்சுட்டான்னு பேச்சியம்மாளை நாம தோக்கடிக்கோணுமா? கேசட்டு நம்மளுது. சொல்லு அவங்களுது. அவங்க குடுத்தாக் காட்டலாம், திருப்பிக் கேட்டா மூடோணும். அதுக்கு மனசில்லைன்னா அந்த மில்லுக்காரனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? அவனும் கேக்காமத்தான் எடுத்துக்கறான்."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு வாரம் அவரோடு தேவைக்கு மேல் பேசவில்லை. இன்றும் முழுவதும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் படம் இணையத்தில் இருந்திருந்தால் இன்னொரு பெண்ணின் தாய் அதைப் பார்த்திருக்கலாம், மகளை அனுப்பாமல் இருந்திருக்கலாம். இதை நான் அவரிடமே சொன்னேன். "இருக்கலாமுங்க" என்றார். மூடிய கேசட்டை அவர் வீட்டில் வைக்கவில்லை. வீட்டுக்கு வந்துபோகிறவர்கள் அதிகம் என்று அங்கிருந்த பிரதியையும் என்னிடமே கொடுத்து, என்னிடமும் கணியூரிலும் மட்டும் இருக்கும்படி வைத்தார். கோபித்துக்கொண்டு போனவளிடம் அதைக் கொடுத்தார் என்பதைக் கவனியுங்கள். நான் இன்னும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உங்கள் வட்டம் நடத்திய இரங்கல் கூட்டத்துக்கு வந்தேன். பேனரில் ரெஜினாக்காவின் படத்தைவிட வட்டத்தின் சின்னம் பெரிதாக இருந்தது. ஆவணப் போராளி என்றார்கள். அவரோடு உட்கார்ந்து ஒரு கேசட்டை ஒரு முறை முழுதாகப் பார்த்தவர் மேடையில் யாரும் இல்லை. அவர் பெயரில் இணையத்தில் ஒரு காப்பகம் திறக்கப்போவதாகவும், அவர் எடுத்த எல்லாவற்றையும் எல்லாரும் பார்க்கலாம் என்றும் அறிவித்தீர்கள். பலத்த கைதட்டல். வீட்டிலிருந்த பெட்டியை அவர் அண்ணன் நல்ல மனதோடு உங்களிடம் கொடுத்துவிட்டார். அதில் இருப்பவை காட்டலாம் என்று கேட்டு வாங்கியவைதான், காட்டுங்கள். ஒன்று குறைகிறது என்று உங்களுக்குத் தெரிந்ததும் அமைப்பாளர் என்னைத் தேடி வாசலுக்கு வந்தார்.

"அந்த மில் அம்மா கேசட் உங்ககிட்டதானுங்க இருக்குது?"

"இருக்குதுங்க."

"குடுத்தீங்கன்னா அதைத்தான் முதல்ல போடலாம்னு இருக்கறோம். அதான் நம்ம மாஸ்டர்பீஸ்."

"அதைக் காட்ட வேண்டாம்னு பேசினவங்க சொல்லியிருக்காங்க."

"அது ரெஜினா மேடம் கிட்டச் சொன்னதுங்க. மேடமே இல்லையே இப்ப. இனி யாரு கேக்கப் போறாங்க?"

"மேடம்தானுங்க செத்துப்போனாங்க. அந்தம்மா சாகலீங்க."

நான் உணர்ச்சிவசப்படுகிறேன் என்றார். வரலாற்றை ஒரு தனி ஆள் பீரோவில் பூட்டி வைக்கக் கூடாது என்றார். கணியூருக்கும் ஆள் அனுப்பினீர்கள். ரெஜினாக்காவின் தங்கை அவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து, "அந்தப் புள்ளை சொல்லாம ஒண்ணும் ஆகாதுங்க" என்று அனுப்பிவிட்டார். உயிரோடு இருந்தபோது ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்க ரெஜினாக்கா உங்களிடம் பணம் கேட்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அன்று அது கல்யாண வீடியோ. இன்று அது வரலாறு. நடுவில் மாறியது என்ன? அவர் செத்தார், அவ்வளவுதான்.

பிறகு நான் பேச்சியம்மாளைத் தேடினேன். அவர் இருந்த லைன் வீட்டில் இப்போது வட நாட்டுப் பையன்கள் இருக்கிறார்கள். அந்தப் பெயரே அவர்களுக்குத் தெரியவில்லை. தெருமுனை மளிகைக்காரரிடம் சின்ன மகளின் எண் இருந்தது. அவள் வழியாகப் பேச்சியம்மாள் போனில் வந்தார். ரெஜினாக்கா இறந்ததைச் சொன்னேன். அழுதார். அழுது முடிக்கும்வரை நான் ஒன்றும் சொல்லவில்லை. அதை நான் ரெஜினாக்காவின் கேமராவிடம் கற்றிருந்தேன். பிறகு கேட்டார்.

"அது இப்ப யாருட்டம்மா இருக்கு?"

"என்கிட்ட."

"யாரும் பாக்கலியே?"

"இல்லீங்க. காட்டச் சொல்லிக் கேக்கறாங்க. உங்களைக் கேக்காமத் தரமாட்டேன்னு சொல்லிட்டேன். என்ன செய்யட்டும்?"

"சின்னவ மாசமா இருக்கா. இப்ப வேண்டாம்மா." அப்புறம் கேட்டார்: "அதுல அவ பேரை ஒழுங்காச் சொல்லியிருக்கனா? அழுதுக்கிட்டேல்லா சொன்னேன். புரியற மாதிரி இருக்கா?"

அன்று காலையில்தான் புதிதாக எடுத்த பிரதி சரியாக ஓடுகிறதா என்று பார்த்திருந்தேன். "தெளிவா இருக்குதுங்கம்மா. முழுப் பேரும் சொல்லியிருக்கீங்க."

"அப்பச் சரி. இருக்கட்டும்."

இவ்வளவையும் எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். ஊரையும் பெயரையும் மாற்றி எழுதச் சொன்னார். மாற்றியிருக்கிறேன்.

ரெஜினாக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது இதுதான்: இறந்துபோன ஒரு பெண்ணின் முழுப் பெயர், அவள் தாயின் குரலில். அது மங்காமல் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியும். எந்த இயந்திரத்தில் ஓடும், அந்த இயந்திரம் இல்லாமல் போவதற்குள் எதற்கு மாற்ற வேண்டும் என்பதும் தெரியும். எனக்குப் பிறகு யாரிடம் இருக்கும் என்பதைப் பேச்சியம்மாளிடமும் கணியூரிலும் சொல்லிவிட்டேன். உங்களிடம் சொல்ல மாட்டேன். அடுத்த முறை யாராவது வந்து கேட்டால் இல்லை என்று பொய் சொல்லவும் மாட்டேன். இருக்கிறது. தர மாட்டேன்.